இணைச்சீருக்கு முன்னால் சாப்பிட்டவள்

எங்கள் உறவில் யாரிடமாவது என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். என் படிப்பைச் சொல்லமாட்டார்கள், வேலையைச் சொல்லமாட்டார்கள். "தம்பி கல்யாணத்துல இணைச்சீருக்கு உக்கார்றதுக்கு முன்னாடியே தின்னுபோட்டு வந்தவ" என்பார்கள். சொல்லட்டும். தின்றது உண்மை. இட்லியும் பச்சைப்பயறும். கல்யாண மண்டபத்தின் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, ஊரே பார்க்க, நிதானமாக மென்று தின்றேன். மறுபடி அப்படியொரு காலை வந்தாலும் அதையேதான் செய்வேன். வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டு வாங்கிக்கொள்வேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் பட்டுக் கட்டி, நகை பூட்டி, மேடையில் அவன் பக்கத்தில் உட்காருவாள். கூறைச் சேலையின் ஒரு நுனி அவன் கையில் இருக்கும், மறுநுனி இவள் கையில் இருக்கும். கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டாலும் நீ இந்த வீட்டுப் பெண்தான் என்று சபை நடுவில் சொல்லுகிற இடம் அது. தம்பி டவுசர் போட்டுக்கொண்டு திரிந்த காலத்திலிருந்தே நான் அந்த இடத்துக்குக் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. தாலி கட்டி முடியும்வரை அவனும் அவளும் எதுவும் சாப்பிடக்கூடாது.

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கோயமுத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் வேலை எனக்கு. சாய்வுப் பலகையில் தாளைப் பரப்பிவைத்துக்கொண்டு, மயிரிழை மாதிரிக் கோடுகளை நாள் முழுக்க இழுப்பேன். ஒரு மத்தியானம் நான் போட்ட கோடு எனக்கே இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடி போடவேண்டிய வயது வந்துவிட்டது போல என்று கண் டாக்டரிடம் போனேன். அவர் வெகுநேரம் உள்ளே பார்த்துவிட்டு, "கண்ணாடி கெடக்கட்டும்மா, மொதல்ல ரத்தத்தப் பாருங்க" என்றார். விழித்திரையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசிந்திருந்தது. சர்க்கரையைக் கட்டி வைத்தால் அந்தப் பொட்டுகள் அப்படியே நிற்கலாம், அவிழ்த்துவிட்டால் பார்வை போகும். இதுதான் அவர் சொன்னதன் சாரம். கண் போனால் வேலை போகும். அந்த வேலையை நான் எப்படி அடித்துப் பிடித்து வாங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

கோபம் அப்பா மேல். அவரையும் இந்த நோய்தான் கொண்டுபோனது. அப்பாவுக்குப் பஞ்சு வியாபாரம், வாய்க்கு ருசியானவர், நல்ல மனுஷர். ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்தால் போதும், அதற்குச் சில நாள் முன்னாலிருந்து சாமியார் ஆகிவிடுவார். பாகற்காயும் மோரும்தான். பரிசோதனையில் நல்ல எண் வரும். டாக்டர் தட்டிக்கொடுப்பார். திரும்பி வரும் வழியில் பேக்கரி முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி, பாஸானதைக் கொண்டாடுவார். டாக்டரை ஏமாற்றிவிட்டதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். எண்ணை ஏமாற்றலாம், காலை ஏமாற்ற முடியவில்லை. முதலில் விரல் போனது, பிறகு பாதம், கடைசியில் சிறுநீரகம். கேட்டவர்களுக்கு எல்லாம் அம்மா சொன்னது, "மாரடைப்புங்க."

ஆக, நான் அப்பா மாதிரிப் போகக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். ஆனால் எதைச் சாப்பிடுவது என்று கேட்டால் ஆளுக்கொரு வேதம் சொன்னார்கள். மருத்துவமனையில் ஓர் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். ஓட்ஸ், ஆப்பிள், ஆடை நீக்கிய பால் என்று இருந்தது. எழுதியவர் எங்கள் வீட்டு அடுப்படிப் பக்கம் ஒருமுறைகூட எட்டிப் பார்த்தவர் இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் ராத்திரிக்குச் சப்பாத்தி போட்டால் அந்த வீட்டில் சர்க்கரை வந்துவிட்டது என்று அர்த்தம். கோதுமை ஏதோ மருந்துக் கடைச் சரக்கு என்ற நினைப்பு எல்லோருக்கும். எண்ணெய் ஊற்றிச் சுட்டு, உருளைக்கிழங்கு குருமாவில் முக்கி, ஒரு அடுக்கையே காலி செய்துவிட்டு, "நான் சோத்தத் தொடறதே இல்லைங்க" என்று பெருமையாக ஏப்பம் விடுவார்கள்.

களியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அதிகச் சண்டை போட்டிருக்கிறேன். ராகிக்களி தின்றால் சர்க்கரை ஓடிப்போகும் என்று ஒரு பக்தி இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ராகி நல்ல தானியம்தான், நான் அதற்கு விரோதி இல்லை. ஆனால் குழந்தை தலை அளவுக்கு உருண்டை பிடித்து விழுங்கினால் ராகியும் தன் வேலையைக் காட்டும். இதை நான் வாயால் சொல்லவில்லை, பார்த்துச் சொல்கிறேன். அப்போதெல்லாம் விரலில் குத்திப் பார்க்கும் கருவி எங்களைப் போன்ற வீடுகளுக்கு வந்திருக்கவில்லை. கண்ணாடிக் குழாயில் ஒரு நீலக் கரைசலை ஊற்றி, அதில் சில சொட்டுச் சிறுநீரை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சவேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. களி தின்ற அன்று செங்கல் நிறம் வந்தது. களியைப் பாதியாக்கி, கூடவே ஒரு கிண்ணம் கொள்ளுக் கடைசலும் நிறையக் கீரையும் சேர்த்துத் தின்ற அன்று பச்சை வந்தது.

இப்படி ஒவ்வொன்றாகக் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தவர். விளக்கைப் பற்றவைத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. "ஏனுங்க அம்மணி, இன்னைக்கு லேப்புல என்ன கலருங்க?" என்று கேலி பண்ணுவார். பண்ணினாலும் என் தட்டில் என்ன இருக்கிறதோ அதையே தனக்கும் போட்டுக்கொள்வார், அதைப் பெரிய தியாகமாக ஒருநாளும் பேசியதில்லை. எங்கள் பக்கத்து அரிசியும் பருப்புஞ்சாதம் வீட்டில் நின்றுபோகவில்லை. அரிசி குறைந்தது, பருப்பு கூடியது, பக்கத்தில் பொரியல் குன்றாகக் குவிந்தது, அவ்வளவுதான். எல்லாவற்றையும்விட நான் படித்துக்கொண்டது நேரத்தைத்தான். மாத்திரையில் அடங்காமல் ஊசிக்கு வந்த பிறகு டாக்டர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்சுலின் உள்ளே போனால் அரை மணிக்குள் சோறும் உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும். உயர்ந்தால் மெல்லக் கொல்லும், தாழ்ந்தால் உடனே கவிழ்த்துவிடும்.

இவ்வளவையும் நான் செய்தது திருட்டுத்தனமாக. தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பையன் ஊட்டுல சக்கரை இருக்குதுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? வெளிய சொல்லிப்போடாத கண்ணு" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊர்ப் பக்கம் இதை மறைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. யார் வீட்டுப் படி ஏறினாலும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட காப்பி வரும். வேண்டாம் என்றால், "ஏனுங்க, எங்கூட்டுல கை நனைக்க மாட்டீங்களா?" என்று முகம் வாடிவிடும். விருந்தில் இனிப்பைத் தொடாமல் எழுந்தால் ஒன்று கோபம் என்று அர்த்தம், அல்லது சீக்கு என்று அர்த்தம். அதனால் போகிற கல்யாணத்திலெல்லாம் அம்மா என் பக்கத்து இலையில் உட்காருவாள். இனிப்புக்காரர் வந்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "வையுங்க, வையுங்க, சாப்புடுவா" என்பாள். நாலு பேர் பார்க்க நான் தின்னவேண்டும். வீட்டுக்கு வந்து கண்ணாடிக் குழாயில் செங்கல் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொள்ளவேண்டும்.

என் கண்ணில் இருந்த பொட்டுகளை அந்த லட்டுகள் எண்ணிக்கொண்டா இருக்கும் என்று அம்மா நினைத்தாளோ என்னவோ. கேட்டால், "ஒரு நாளைக்குத் தின்னா என்ன ஆயிப்போகுது?" என்பாள். எங்கள் உறவின் அளவுக்கு அந்த ஒரு நாள் வாராவாரம் வந்தது.

அப்புறம்தான் நோம்பி வந்தது. ஊரில் மாரியம்மனுக்குப் பண்டிகை எடுப்பதைத்தான் நாங்கள் நோம்பி என்போம். அப்பாவின் அக்கா, என் அத்தை, அந்த ஊரில்தான் இருந்தாள். உறவில் எந்தச் சடங்கும் அவள் சொல்படிதான் நடக்கும், குரலே அதிகாரம். நானும் அம்மாவும் போயிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஷிப்டு, வரவில்லை. "சோறு எப்பங்க அத்தை?" என்று கேட்டேன். "இதா, மாவிளக்கு கோயிலுக்குப் போயித் திரும்புனதும் போட்டுருவேன் கண்ணு, சித்த நேரந்தான்" என்றாள். நம்பி, பின்கட்டில் மறைவாக நின்று ஊசியைப் போட்டுக்கொண்டேன். மாவிளக்கு ஊர்வலம் ஊரைச் சுற்றியது. ஒவ்வொரு வாசலிலும் நின்றது. மேளக்காரர்கள் நன்றாக அடித்தார்கள் என்று இன்னொரு சுற்றுச் சுற்றியது.

கோயில் முன்னால் நிற்கும்போது எனக்கு வேர்த்துக்கொட்டத் தொடங்கியது. கை நடுங்கியது, பிறகு உடம்பே நடுங்கியது. உறுமி காதுக்குள் அடிக்கிற மாதிரி இருந்தது. கீழே உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தால், இரண்டு பக்கமும் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். யாரோ வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தது. எனக்குச் சாமி வந்துவிட்டதாம்.

அத்தை கைகூப்பி என் முன்னால் நின்றாள். "தாயே, என்ற மவனுக்கு எப்பத்தா கல்யாணம் கூடும், சொல்லு தாயே" என்று கேட்டாள். எனக்கு அவள் முகம் தண்ணீருக்குள் இருப்பது மாதிரித் தெரிந்தது. என்னிடம் மிச்சம் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, "சோறு" என்றேன். "சோறு போடுங்க" என்றேன். கூட்டத்தில் குலவை எழுந்தது. "அம்மன் அன்னதானம் கேக்கறா! அடுத்த நோம்பிக்கு ஊருக்கே சோறாக்கிப் போட்டர்றேன் தாயே!" என்று அத்தை கண்ணீர் விட்டாள். நான் அங்கேயே, அப்போதே, எனக்குக் கேட்ட சோற்றை அம்மனுக்கு அடுத்த வருஷத்துக்கு எழுதிவைத்துவிட்டார்கள்.

பிழைத்தது அந்த மாவிளக்கால்தான். சாமியைச் சாந்தப்படுத்த, பச்சரிசி மாவில் வெல்லம் பிசைந்த அந்த விளக்கிலிருந்து ஒரு கை பிட்டு அத்தை என் வாயில் அடைத்தாள். வெல்லம் இறங்கியது. கொஞ்சநேரத்தில் நடுக்கம் நின்று, எதிரே நிற்பவர்கள் ஆளாகத் தெரிந்தார்கள். "மலையேறிட்டா" என்று பேசிக்கொண்டார்கள். வயதான ஒருவர் என் காலில் விழுந்து கும்பிட்டார்.

ஆனால் கூட்டத்தில் ஒருத்திக்கு உண்மை தெரியும். அப்பா இதேபோல நடுங்கியதைப் பார்த்தவள் அவள். அம்மா கூட்டத்துக்கு வெளியே, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஊர் திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்.

"ஏம்மா, உனக்குத் தெரியுமல்ல? ஒரு வா சக்கரை குடுங்கன்னு சொல்றதுக்கு வாய் வல்லியா?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "சொல்லியிருந்தா அத்தனை பேத்துக்கும் தெரிஞ்சு போயிருக்கும். சக்கரைன்னு தெரியறதுக்குச் சாமின்னே இருந்துட்டுப் போகட்டும் கண்ணு."

"நான் செத்திருப்பேன்மா."

"அதா வெல்லம் ஊட்டுனாங்கல்ல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. என் தலையிலிருந்து இன்னும் மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைச் சாகவிடக்கூடத் துணிவாள், ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லமாட்டாள் என்று அப்போது தோன்றியது. அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். பயந்தவர்கள் செய்கிற காரியம் எத்தனை கொடூரமாக இருக்க முடியும் என்று அந்த பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது.

தம்பிக்குக் காரமடைப் பக்கம் பெண் அமைந்தது. எங்களைப் போலவே விவசாயத்திலிருந்து கடை கண்ணி என்று வந்த குடும்பம். கல்யாணப் பேச்சு வந்ததும் அத்தை இணைச்சீரைக் கையில் எடுத்துக்கொண்டாள். "உங்கப்பனுக்கு நாந்தா எடுத்தேன். தாலி ஏர்ற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படல" என்றாள். நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். ஊசி போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பது தற்கொலை, ஊசியையே விட்டுவிட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் அதற்கு உங்கள் கண் சம்மதிக்காது என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொன்னார். அம்மா வழக்கம்போல, "ஒரே ஒரு நாளைக்கு ஊசி வேண்டாம் கண்ணு" என்றாள். அத்தையிடம் உடம்புக்கு ஆகாது என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். "முடியாதுன்னா சொல்லிப்போடு, உங்க பெரியப்பன் புள்ளைய உக்கார வெச்சுக்கறேன்" என்றாள். பெரியப்பா மகளும் தம்பிக்கு அக்கா முறைதான். உட்காரலாம், தடையில்லை.

நான் என் இடத்தை விடுவதாக இல்லை, என் கண்ணை விடுவதாகவும் இல்லை. கடைசியில் தம்பிதான் ஒரு வழி சொன்னான். "ரூம்புக் கதவச் சாத்திக்கிட்டுச் சாப்புட்டுக்கக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?" எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவன் கல்யாணம், சரி என்றேன்.

முகூர்த்தம் காலை ஒன்பதுக்கு மேல். மண்டபத்து அறையில் பட்டுக் கட்டி, நகை போட்டு, தலை நிறையப் பூ வைத்துவிட்டார்கள். எல்லோரையும் ஏதோ சொல்லி வெளியே அனுப்பிவிட்டு ஊசியைப் போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் டப்பாவை அலமாரிக்குள் வைத்திருந்தோம். அலமாரியைத் திறந்தேன். டப்பா இல்லை.

கதவைத் திறந்து அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "விரதக்காரி ரூம்புல சோத்து டப்பா எதுக்கு? நாந்தா சமையக்கட்டுக்குத் தாட்டியுட்டேன்" என்றாள், நல்லது செய்த முகத்தோடு. வாசல்படியில் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அம்மா நின்றாள். அம்மாவுக்கு நான் ஊசி போட்டது தெரியும். அவள் கண் என் கையைப் பார்த்தது, அப்புறம் தரையைப் பார்த்தது.

அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ ஒன்று தீர்ந்துபோனது. ஒளிந்து ஊசி போட்டு, ஒளிந்து காய்ச்சிப் பார்த்து, ஒளிந்து தின்று, ஊர் முன்னால் மட்டும் லட்டைத் தின்று காட்டுகிற இந்த நாடகம் போதும் என்று தோன்றியது. அத்தையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பட்டுச் சேலை சரசரக்க நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். பரிமாறுகிறவரிடம், "இட்லி வையுங்க" என்றேன். இணைச்சீர் அலங்காரத்தைப் பார்த்து அவர் திகைத்தார். "உங்களுக்குங்களா?" என்றார். "எனக்குத்தானுங்க" என்றேன். சமையற்கட்டு அடுக்கில் இருந்த என் டப்பாவையும் நானே தேடி எடுத்து, பச்சைப்பயற்றைத் தட்டில் கொட்டிக்கொண்டேன்.

அங்கேயே ஒரு மூலையில் நின்று தின்றிருக்கலாம். தின்னவில்லை. தட்டோடு மண்டபத்துக்குள் வந்தேன். முன்வரிசையில் பெண் வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து முதல் வாயை எடுத்து வைத்தேன். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. பேச்சு மட்டும் நின்றுபோனது.

அத்தை வேகமாக வந்தாள். "கெட்டுது காரியம்! ஏம்புள்ள, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? சபையில என்ன இது?"

வாயில் இருந்ததை மென்று முழுங்கினேன். அவசரப்படவில்லை. "எனக்குச் சக்கரை வியாதிங்க அத்தை. ஊசி போட்டிருக்கறேன். இப்பச் சாப்புடலைன்னா மேடையிலேயே விழுந்துருவேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தொடங்கிவிட்டதால் நிறுத்தமுடியவில்லை. "எங்கப்பாவுக்கும் இதேதானுங்க. மாரடைப்பு இல்லைங்க. அன்னைக்கு நோம்பியில எனக்கு வந்தது சாமியும் இல்லைங்க அத்தை. பசி."

அத்தை வாயைத் திறந்தபடி நின்றாள். அம்மனுக்கு நேர்ந்தபடி அவள் ஊருக்கே சோறாக்கிப் போட்டு முடித்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு, பெரியப்பா மகளைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். "நீ வா கண்ணு, சீலையக் கட்டு. இவ எச்சி பண்ணிபோட்டா."

மேடையிலிருந்து தம்பியின் குரல் வந்தது. கழுத்தில் மாலையும் தலையில் கட்டிய உருமாலுமாக எழுந்து நின்றிருந்தான். "எங்கக்கா சாப்புட்டு வரட்டுங்க. அதுவரைக்கும் நான் இப்படியே நிக்கறேன்" என்றான். நான் அடுத்த இட்லியைப் பிட்டேன்.

பெண் வீட்டார் என்ன செய்வார்களோ என்று எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா என் பக்கத்து நாற்காலிக்கு அடுத்ததில் இருந்தார். தட்டை எட்டிப் பார்த்தார். "ரெண்டு இட்லி பத்துமுங்களா அம்மணி? இன்னும் ரெண்டு போட்டுக்கங்க, முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருக்குது" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷமாக நாங்கள் மூடி மூடி வைத்த பூதத்தை அந்த மனுஷர் கொசுவைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டார். எல்லோரும் அவரைப் போல இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். பின்வரிசையில் இரண்டு பேர் குசுகுசுத்தது எனக்கு நன்றாகவே கேட்டது. அத்தை அடுத்த பல வருஷம் என் வீட்டுப் படி ஏறவில்லை.

கை கழுவிவிட்டு மேடை ஏறினேன். என் கையில் சேலை நுனியைக் கொடுத்தார்கள். கை நடுங்கவில்லை. மங்கல வாழ்த்துப் பாடிய நேரமெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். விரதம் இருந்திருந்தால் அந்த மேடையில் எனக்கு இன்னொரு முறை சாமி வந்திருக்கும்.

கண்ணில் இருந்த பொட்டுகள் அப்புறம் பரவவில்லை. அதற்குக் களியையோ பாகற்காயையோ தனியாகக் கும்பிடச் சொன்னால் மாட்டேன். தட்டும் நேரமும் ஊசியும் சேர்ந்து காப்பாற்றின. எதையும் ஒளிக்காமல் இருந்ததும் காப்பாற்றியது. கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்து பலகையை எடுத்துப்போகும்வரை மயிரிழைக் கோடுகளை நானே போட்டேன். இதையும் நானேதான் எழுதுகிறேன்.

அன்று மத்தியானப் பந்தியைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். காலையிலிருந்து அம்மா என் கண்ணில் படவே இல்லை. தாலி கட்டும்போது தூணுக்குப் பின்னால் அவள் சேலை நிறம் தெரிந்தது, அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தபோது, ஒன்றும் பேசாமல் வந்து வழக்கம்போல என் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். பேசினால் சண்டை வரும், பந்தியில் வேண்டாம் என்று இலைக்குத் தண்ணீர் தெளித்தேன். இருபக்கமும் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள்.

இனிப்புக்காரர் லட்டுத் தட்டோடு வந்தார். வழக்கம்போல அம்மா சொல்லப்போவதை எதிர்பார்த்து, என் பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் குனிந்து லட்டை எடுத்தார். அம்மாவின் கை நீண்டு வந்து என் இலையை மூடியது.

"அவளுக்கு வேண்டாமுங்க. என்ற புள்ளைக்குச் சக்கரைங்க" என்றாள். அந்த வரிசை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"கல்யாண ஊடுங்க, ஒண்ணே ஒண்ணு வெக்கறேனுங்க" என்றார் அவர்.

"ஒண்ணும் வேண்டாம்னா வேண்டாமுங்க. அவங்கப்பனுக்கு நான் இப்படிச் சொல்லாம உட்டுப்போட்டேன்" என்றாள் அம்மா. அவள் கை இலை மேலேயே இருந்தது. "பொரியல் இருந்தாச் சேத்தி வையுங்க."

அவர் பொரியல் வாளியை எடுத்துவரப் போனார். வந்து வைக்கும்வரை அம்மா கையை எடுக்கவில்லை.